சிவப்பு காருக்காக அரசோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்: யார் இந்த சோய்சிரோ ஹோண்டா?

ஹோண்டா என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பைக்கும் ஸ்கூட்டரும்தான். ஆனால் பழைய ஜப்பானிய கார்களைத் தேடிப்பிடித்து, பிரித்து, மறுபடி ஓடவைக்கும் ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவர்கள் கண்ணில் வேறொரு படம் ஓடும். எஸ்500, எஸ்600, எஸ்800 என்ற மூன்று குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டு பேர்தான் உட்கார முடியும். எஸ்600-ன் நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 700 கிலோ, எஞ்சின் வெறும் 606 சிசி. 

அந்தச் சின்ன எஞ்சினுக்குள் 4 சிலிண்டர், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட், பக்கத்தில் 4 கார்புரேட்டர். நிமிடத்துக்கு 8,500 சுற்று வேகத்தில்தான் அது முழு பலத்தைக் காட்டும். 1964-ல் சாலையில் ஓடிய சாதாரண கார்கள் பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கிவிடும்.

இப்படி ஒரு காரைப் பழுதுபார்ப்பது லேசான காரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இதை உருவாக்கிய மனிதர் தன் வாழ்க்கையைத் தொடங்கியதே கார் பழுதுபார்க்கும் பட்டறையில்தான். ஒரு மெக்கானிக் ஏன் மெக்கானிக்குகளுக்குச் சவால்விடும் காரைச் செய்தார்? அவரது வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

கொல்லர் வீட்டுப் பையன்

சோய்சிரோ ஹோண்டா பிறந்தது 1906 நவம்பர் 17. இன்றைய ஹமமட்சு நகரத்தின் டென்ரியு பகுதியில் இருந்த கோம்யோ என்ற கிராமம். அப்பா கிஹெய் கொல்லர். பிறகு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா மிகா நெசவு செய்பவர். சுத்தியல் சத்தத்திலும் கரிப்புகையிலும் வளர்ந்த பையன்.

கிராமத்துக்கு முதல்முறையாக ஒரு கார் வந்தபோது சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். நின்ற இடத்தில் சொட்டிய ஆயிலை மோந்து பார்த்தான். அந்த வாசனை கடைசிவரை மறக்கவில்லை என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1917-ல் அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித் ஹமமட்சுவில் விமான சாகசம் காட்ட வந்தபோது, அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போனான். டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. பக்கத்தில் இருந்த பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தான்.

படிப்பில் சுமார். மதிப்பெண் அட்டையில் வீட்டு முத்திரை பதித்து வரவேண்டும் என்பது பள்ளி விதி. சைக்கிள் பெடல் ரப்பரைச் செதுக்கி முத்திரையைத் தானே செய்துகொண்டான் என்றொரு கதை உண்டு. ஹோண்டா என்ற பெயரின் இரண்டு எழுத்துகளும் இடம் வலம் மாறினாலும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மாட்டவில்லை. கூட்டாளிகளுக்கும் செய்து கொடுத்தபோது அவர்கள் பெயர் தலைகீழாக விழுந்து குட்டு வெளிப்பட்டதாம்.

பட்டறை கற்றுக்கொடுத்தது என்ன?

1922-ல், 15 வயதில், டோக்கியோவின் ஹோங்கோ பகுதியில் இருந்த ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. முதலாளி யூசோ சகாகிபாராவின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்த நாட்கள் அவை.

1923 செப்டம்பர் 1-ம் தேதி கான்டோ பூகம்பம் வந்தது. டோக்கியோ தீப்பற்றி எரிந்தது. பட்டறையும் தப்பவில்லை. கையில் இருந்த கார்களைப் பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிப்போக வேண்டிய அவசரத்தில்தான் ஹோண்டா முதன்முறையாக ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஆட்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட, எரிந்த கார்களை ஓடவைக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. எது தேறும், எதை வீச வேண்டும், எதைப் புதிதாக அடித்துச் செய்ய வேண்டும் என்பதை அவர் அந்தக் கரிக்கட்டைகளிடம் கற்றார். அக்கால கார் சக்கரங்களின் ஆரங்கள் மரத்தால் ஆனவை. தீயில் முதலில் போனது அவைதான். பிற்பாடு வார்ப்பிரும்பில் சக்கர ஆரம் செய்து அதற்குக் காப்புரிமையே வாங்கினார்.

இன்னொரு சம்பவம். தீயணைப்பு வண்டி ஒன்றைப் பழுதுபார்க்க மொரியோகாவுக்கு அவரைத் தனியாக அனுப்பினார் சகாகிபாரா. வயது 18. சின்னப் பையனை அனுப்பிவிட்டார்களே என்று ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். வண்டியை மொத்தமாகப் பிரித்துப்போட்டதும் கவலை இன்னும் கூடியது. கோத்து முடித்து, எஞ்சின் கிளம்பி, தண்ணீர் பீய்ச்சியபோது விடுதியில் அவருக்குக் கொடுத்த அறையே மாறிவிட்டது.

பந்தய ஆசையும் அங்கேதான் தொற்றிக்கொண்டது. கர்டிஸ் விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்க மிட்செல் காரின் சேஸிஸில் பொருத்தி ஒரு பந்தயக் காரை உருவாக்கியது பட்டறை. 1924 நவம்பரில் நடந்த போட்டியில் முதலாளியின் தம்பி ஓட்ட, பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தார் ஹோண்டா. முதல் பரிசு. அந்த கர்டிஸ் கார் இன்றும் மோட்டேகியில் உள்ள ஹோண்டா கலெக்‌ஷன் ஹாலில் இருக்கிறது.

1928-ல் பட்டறையின் பெயரிலேயே ஹமமட்சுவில் கிளை தொடங்க சகாகிபாரா அனுமதி கொடுத்தார். அப்போது ஹோண்டாவுக்கு 21 வயது.

விபத்து, குண்டு, பூகம்பம்

1936 ஜூன் 7. டோக்கியோ அருகே தாமகாவா பந்தயத் தடம். தானே மாற்றியமைத்த ஃபோர்டு காரில் ஹோண்டாவும், பக்கத்தில் தம்பி பென்ஜிரோவும். வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே வந்த காரில் மோதித் தூக்கி எறியப்பட்டார்கள். ஹோண்டாவின் முகத்தின் இடதுபக்கம் நசுங்கியது, மணிக்கட்டு உடைந்தது. தம்பிக்கு முதுகெலும்பில் முறிவு. பந்தய ஓட்டுநர் வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது.

ரிப்பேர் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் யாரோ செய்ததைத்தான் சரிபண்ண முடியும். தானே செய்ய வேண்டும் என்று பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கினார். பல மாதம் முயன்றும் ரிங் உருப்படவில்லை. உலோகத்தில் சிலிக்கான் குறைவு என்று ஒரு பேராசிரியர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. 30 வயதுக்கு மேல் ஹமமட்சு தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடம் போதும் என்று தேர்வு எழுதாமல் விட்டதால் பட்டம் கிடைக்கவில்லை. டொயோட்டாவுக்கு அனுப்பிய முதல் 50 ரிங்குகளில் தேறியவை 3 மட்டும். அங்கிருந்து மேலே வந்து தோகாய் செய்கி நிறுவனத்தை வளர்த்தார்.

போர் அதையும் விடவில்லை. ஹமமட்சு ஆலை அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தது. 1945 ஜனவரியில் வந்த மிகாவா பூகம்பத்தில் இவாதா ஆலை இடிந்தது. மிஞ்சியதை 4.5 லட்சம் யென்னுக்கு டொயோட்டாவிடம் விற்றுவிட்டு ஒரு வருடம் எதுவுமே செய்யாமல் இருந்தார்.

சைக்கிளில் தொடங்கிய கம்பெனி

1946 அக்டோபரில் ஹமமட்சுவில் ஒரு சின்ன கொட்டகை. ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்குப் பயன்படுத்திய குட்டி ஜெனரேட்டர் எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கி, சரிசெய்து, சைக்கிளில் மாட்டினார். முதல் வண்டிக்கு பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர் பாத்திரம். மனைவி சாச்சி அதை ஓட்டிச் சோதித்தார். எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். 1948 செப்டம்பர் 24-ல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் யென், ஆட்கள் 34 பேர்.

அடுத்த ஆண்டு தகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். பணம், விற்பனை, நிர்வாகம் மொத்தமும் அவர் பொறுப்பு. எஞ்சின் மட்டும் ஹோண்டா பொறுப்பு. கம்பெனி முத்திரையையே ஃபுஜிசாவாவிடம் கொடுத்துவிட்டார். பள்ளிக்காலத்தில் கள்ள முத்திரை செய்த மனுஷன், சொந்தக் கம்பெனியின் முத்திரையைத் தொடாமலே காலம் தள்ளினார்.

1958-ல் வந்த சூப்பர் கப் உலகம் முழுக்கப் பரவியது. 2017-ல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. 1961-ல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கே. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் சின்ன எஞ்சின் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்ற நிலை.

கார் செய்யக் கூடாது என்றது யார்?

இந்த நேரத்தில்தான் ஆபத்து வந்தது. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வரப்போகின்றன, உள்ளூர் கம்பெனிகள் அதிகமாக இருந்தால் தாங்காது என்று வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் கணக்குப்போட்டது. இருக்கிற கம்பெனிகளைச் சில குழுக்களாகச் சேர்ப்பது, புதிதாக யாரையும் கார் தயாரிப்பில் விடாமல் இருப்பது என்பது திட்டம். சட்டம் வந்துவிட்டால் ஹோண்டா காலமெல்லாம் பைக் கம்பெனிதான்.

ஹோண்டா கொதித்துப்போனார். எந்தத் தொழில் செய்வது என்பது தன் உரிமை, தலையிட வேண்டுமானால் அரசு பங்கு வாங்கிக்கொண்டு பங்குதாரராக வந்து பேசட்டும் என்று அதிகாரிகளிடமே சண்டை போட்டார். வாய்ச்சண்டை மட்டும் போதாது. சட்டம் வருவதற்குள் கார் செய்து காட்டியாக வேண்டும்.

1962 ஜூனில், வேலை நடந்துகொண்டிருந்த சுசுகா பந்தயத் தடத்தில் எஸ்360 என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அது கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. 1963 ஆகஸ்டில் டி360 மினி லாரியும், அக்டோபரில் 531 சிசி எஸ்500 ஸ்போர்ட்ஸ் காரும் வந்தன. எஸ்500-ன் விலை என்னவாக இருக்கும் என்று மக்களிடம் போட்டி வைத்தார்கள். லட்சக்கணக்கில் கடிதம் குவிந்தது. விலை 4,59,000 யென்.

அந்தச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே போனது. ஆனால் அது நிறைவேறாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கிடையே சிவப்பு நிறத் தகராறு. தீயணைப்பு வண்டியோடு குழப்பம் வரும் என்பதால் ஜப்பானில் தனியார் காருக்குச் சிவப்பு பூச அனுமதி இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்புதான் என்று பிடிவாதமாக நின்றார் ஹோண்டா. ஒரு நிறத்தை அரசு தனக்கென்று வைத்துக்கொள்ளும் நாடு எங்கே இருக்கிறது என்று பத்திரிகையிலேயே எழுதினார். அதிகாரிகளிடம் நடையாய் நடந்து கடைசியில் அனுமதி வாங்கிவிட்டார்கள்.

இந்தக் காரைப் பழுதுபார்ப்பது ஏன் கஷ்டம்?

எஸ் வரிசையைக் காராகப் பார்க்காமல், நாலு சக்கரம் வைத்த பந்தய பைக்காகப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும்.

முதலாவது, கிராங்க் ஷாஃப்ட். சாதாரண கார்களில் இது ஒரே துண்டு. தேய்ந்தால் மாற்றிப்போட மெல்லிய பேரிங் தகடுகள் இருக்கும். எஸ் எஞ்சினில் கிராங்க் பல துண்டுகளாகச் செய்து அழுத்திக் கோத்தது. உள்ளே ரோலர் பேரிங். அதிவேகத்தில் உராய்வு குறையும் என்பதற்காக பைக் எஞ்சினில் இருந்து வந்த ஏற்பாடு. பேரிங் போய்விட்டால் கிராங்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, மறுபடி கோணாமல் கோக்க வேண்டும். துளி கோணினாலும் அவ்வளவு வேகத்தில் எஞ்சின் தாங்காது. ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றுவதுதான் இந்தச் செலவைத் தள்ளிப்போடும் ஒரே வழி.

இரண்டாவது, 4 கார்புரேட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. நாலும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். வேக்குவம் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகச் சமன்செய்வார்கள். ஒன்று பிசகினாலும் ஐடிலிங்கில் எஞ்சின் நடுங்கும்.

மூன்றாவது, செயின். எஸ்500, எஸ்600, ஆரம்பகால எஸ்800 ஆகியவற்றில் பின் சக்கரங்களைச் சுழற்றுவது பைக்கைப் போல செயின்தான். இரண்டு பக்கமும் ஆயில் நிரப்பிய அலுமினியப் பெட்டிக்குள் செயின் ஓடும். அந்தப் பெட்டிதான் பின் சஸ்பென்ஷனின் கையும்கூட. வேகமெடுக்கும்போது காரின் பின்பக்கம் லேசாக எழும்புவது இதனால்தான். பெட்டியில் ஆயில் குறைந்திருக்கிறதா, சீல் கசிகிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்800-ல் பாதியில் இதை விட்டுவிட்டு வழக்கமான ஷாஃப்ட்டுக்கு மாறினார்கள்.

இவற்றோடு எல்லா பழைய கார்களுக்கும் உள்ள நோய்களும் உண்டு. அலுமினிய எஞ்சினில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உள்ளே அரித்துவிடும், கூலன்ட் கட்டாயம். தரைத் தகடும் கதவுக்குக் கீழே உள்ள பகுதியும் துருப்பிடிக்கும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பாமல் அடியில் படுத்துப் பார்ப்பவர்தான் ஏமாறமாட்டார். பல வருடம் நின்ற காரைச் சாவி போட்டு உடனே கிளப்பவும் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எஸ்600 சுமார் 13,000, எஸ்800 சுமார் 11,000 செய்யப்பட்டன. எஸ்500 1,400-ஐக்கூடத் தொடவில்லை. 1970-ல் தயாரிப்பு நின்றது. ஓடும் நிலையில் ஒரு கார் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் கையழுக்கான யாரோ ஒருவர் இருக்கிறார்.

பிடிவாதத்தின் விலை

எஸ் கார்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஹோண்டா ஃபார்முலா 1-ல் இறங்கியிருந்தது. 1965-ல் மெக்சிகோவில் ரிச்சி கிந்தர் முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். ஆனால் அதே பிடிவாதம் வேறொரு இடத்தில் அடிவாங்கியது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எதற்கு, கடைசியில் தண்ணீரைக் குளிர்விப்பதும் காற்றுதானே என்பது அவர் கட்சி. எஸ் கார்களின் எஞ்சின் தண்ணீரில் குளிர்ந்தது என்றாலும், அடுத்து வருவதெல்லாம் காற்றில் குளிர வேண்டும் என்று நின்றார்.

1968 ஜூலை 7-ல் பிரான்ஸின் ரூவானில் நடந்த பந்தயத்துக்குக் காற்றில் குளிரும் ஆர்ஏ302 கார் அனுப்பப்பட்டது. அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அது இன்னும் தயாராகவில்லை, ஆபத்து என்று சொல்லி ஓட்ட மறுத்தார். ஓட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஜோ ஷ்லெசர். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் தடம்விட்டு மோதித் தீப்பிடித்து அவர் இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டு விலகியது.

அப்படியும் ஹோண்டா மாறவில்லை. 1969-ல் வந்த ஹெச்1300 காரும் காற்றில்தான் குளிர்ந்தது. எடையும் செலவும் கூடி, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நெருங்கும்போது தண்ணீர் இல்லாமல் முடியாது என்று இளம் எஞ்சினியர்கள் மன்றாடினார்கள். தொழிலாளர்கள் அவருக்கு இடி என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். நேரில் சொல்ல ஆளில்லை. ஃபுஜிசாவாதான் கேட்டார்: தலைவராக இருக்கப்போகிறீர்களா, எஞ்சினியராக இருக்கப்போகிறீர்களா? ஹோண்டா சற்று யோசித்துத் தலைவர் என்றார். அத்தோடு வழிவிட்டார்.

தண்ணீரில் குளிரும் எஞ்சினில் 1972-ல் சிவிக் வந்தது. புகையைக் குறைக்கும் சிவிசிசி எஞ்சினும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை மிஞ்ச இதுதான் வாய்ப்பு என்று ஹோண்டா உற்சாகப்பட்டபோது, தாங்கள் உழைப்பது கம்பெனிக்காக அல்ல, சமூகத்துக்காக என்று இளைஞர்கள் சொன்னார்கள். தன் காலம் முடிந்தது என்று தனக்குத் தோன்றிய தருணம் அதுதான் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

1973 அக்டோபரில் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். வாரிசுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. 45 வயதான கியோஷி கவாஷிமா தலைவரானார். பிறகு ஹோண்டா நாடு முழுக்க இருந்த ஆலைகள், விற்பனை நிலையங்கள், சர்வீஸ் பட்டறைகளுக்கு நேரில் போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். கையில் கிரீஸ் இருக்கிறதே என்று பின்வாங்கிய ஒரு தொழிலாளியின் கையை இழுத்துப் பிடித்து, ஆயில் வாசனை தனக்குப் பிடிக்கும் என்றாராம்.

1991 ஆகஸ்ட் 5-ல், 84 வயதில் இறந்தார். கார் செய்கிறவனின் சாவால் சாலை அடைபடக் கூடாது என்ற அவரது விருப்பப்படி நிறுவனம் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடக்கவில்லை.

இப்போது என்ன நடக்கிறது?

டோச்சிகி மாகாணத்தின் மோட்டேகியில் 1998-ல் தொடங்கிய ஹோண்டா கலெக்‌ஷன் ஹாலில், பழைய வண்டிகளைக் கண்ணாடிக்குள் பூட்டிவைப்பதோடு நிற்பதில்லை. முடிந்தவரை ஓடும் நிலையில் வைத்துப் பராமரிக்கிறார்கள். விற்பனைக்கே வராத எஸ்360-ஐ ஹோண்டா ஊழியர்கள் மறுபடி உருவாக்கி 2013 டோக்கியோ மோட்டார் ஷோவில் வைத்தார்கள். 1990-ல் வந்த என்எஸ்எக்ஸ் காருக்கு, உரிமையாளர்கள் கொண்டுவந்தால் பிரித்துப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 1993-லேயே தொடங்கியது நிறுவனம்.

எஸ்600 வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு பழைய காரில் இருந்து எடுத்தோ, லேத்தில் கடைந்தோ, பாகத்தைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். எரிந்த கார்களை வைத்துக்கொண்டு 1923-ல் ஒரு 16 வயதுப் பையன் செய்த வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.